செண்பகாதேவிக்கு ஏறும் பாதை: ஒரு சின்ன வரலாறு



குற்றாலம் என்றதும் பேரருவியும், உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கும் கூட்டமும், பார்டர் பரோட்டாவும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பேரருவியாக விழும் சிற்றாறு, மலைக்கு மேலேயே பல இடங்களில் விழுந்து, தேங்கி, பிறகுதான் கீழே வருகிறது. மேலே தேனருவி. அதற்குக் கீழே செண்பகாதேவி அருவி. பேரருவியிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் காட்டு வழி. அருவிக்கு அடியில் ஒரு தடாகம், பக்கத்தில் செண்பகாதேவி அம்மன் கோயில். "ஒரு நாள் அந்தத் தடாகம் வரை ஏறிவிட்டு வரலாமா?" என்று திட்டம் போடுபவர்கள் இந்த மலையின் கதையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

கதையின் நாயகன் மழைதான். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இந்தப் பக்கம் நுழைகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல், அதுவே சீசன். 18ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இந்த மலையின் வளத்தைத்தான் குறத்தி வாயால் குற்றாலக் குறவஞ்சியில் பாட வைத்தார். அதற்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் கொடுத்த நிலத்துக்குப் பெயரே 'குறவஞ்சி மேடு'!

அடுத்து வந்தது கிழக்கிந்தியக் கம்பெனி. ஜாதிக்காயும் கிராம்பும் அதுவரை டச்சுக்காரர்கள் கையில் இருந்தன. 1796இல் மொலுக்கா தீவுகளை ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதன்பின் அந்தச் செடிகளைக் கொண்டுவந்து குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டார்கள். இங்குள்ள ஈரக்காற்று அவற்றுக்கு ஒத்துப்போனது. 1830களில் ராபர்ட் வைட் என்ற மருத்துவர் இங்கே தாவரங்களைச் சேகரித்தார். தென்னிந்தியத் தாவரவியலில் பெரிய பெயர் அவருடையது.

ஆக, கவிஞரையும் கம்பெனியையும் தாவரவியலாளரையும் இங்கே இழுத்தது ஒரே மழை. அதே மழைக்கு இன்னொரு முகமும் உண்டு.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்து, குளித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். நம் வயதுதான். இங்கே மலைச்சரிவு செங்குத்தானது. உச்சியில் கொட்டும் மழை சில நிமிடங்களில் அடிவாரத்துக்கு வந்துவிடும். நாம் நிற்கும் இடத்தில் வெயில்கூட அடிக்கலாம்! அருவிக் கரையிலேயே இப்படி என்றால், ஓடி ஏற இடமில்லாத பாறைத் தடாகத்தில் என்ன ஆகும்?

அதனால்தான் வனத்துறை கட்டுப்பாடு. அனுமதி இல்லாமல் மேலே போகக் கூடாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தை 40 பாதைகளுடன் தொடங்கியது. குற்றாலம் – செண்பகாதேவி பாதையும் அதில் ஒன்று. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியுடன் போகலாம்.

திட்டம் போடும்போது தேதியை முதலில் முடிவு செய்யாதீர்கள். மழை நிலவரத்தையும் பாதை திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலை தழை அடித்துக்கொண்டு வந்தாலோ, போட்டோவை மறந்துவிட்டு உடனே மேட்டுக்கு ஏறுங்கள். வழிகாட்டி "வேண்டாம்" என்றால் திரும்பிவிடுங்கள். தடாகம் எங்கேயும் போய்விடாது, அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாம்.