வாகனத்திற்கு மீண்டும் பெயின்ற் அடிக்க முன்: மெழுகும் பொலிஷும் செய்யும் வேலை

புதிதாகப் பெயின்ற் அடித்த வாகனத்தில் சிறு சிறு வட்டக் குழிகள் தெரிந்தால் கராஜில் வாக்குவாதம் தொடங்கிவிடும். "பெயின்ற் சரியில்லை" என்பார் உரிமையாளர். "நீங்கள் முந்திப் பூசின பொலிஷ்தான் காரணம்" என்பார் பெயின்றர். பல வேளைகளில் பெயின்றர் சொல்வதே சரி. ஆனால் காசு போனபிறகு யார் சரி என்பதில் பயனில்லை. எனவே முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பழைய வாகனங்களின் ஊர்

வடக்கில் வாகனத்தை எளிதில் மாற்றிவிட முடிந்த காலம் குறைவு. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இன்றி, ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். அதன் பின்னரும் வரிகளால் விலை உயர்ந்தே இருக்கிறது. இருக்கும் ஓட்டோவையோ வானையோ மீண்டும் பெயின்ற் அடித்துப் பேணுவதுதான் பல குடும்பங்களுக்கு உள்ள வழி. அந்த வாகனமே வீட்டின் வருமானம் என்றால், கராஜில் அது கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு நாளும் இழப்பு.

தொண்டைமானாற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. உப்பு ஏற்றுமதிக்காகக் கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த ஆறு என்பது இந்த ஊர்ப் பெயருக்குச் சொல்லப்படும் மரபுக் கதை. அந்த உப்பு இன்றும் காற்றில் இருக்கிறது. கடலும் நீரேரியும் சேரும் இடத்தில், பருத்தித்துறை - காங்கேசன்துறை கரையோர வீதியை ஒட்டி நிற்கும் வாகனத்தில் உப்புப் படிவது நிச்சயம். அதற்குப் பாதுகாப்பாகவே பலர் மெழுகு பூசுகிறார்கள். அது நல்ல பழக்கந்தான். ஆனால் எதைப் பூசுகிறோம் என்பது பின்னர் பெயின்ற் அடிக்கும்போது தெரியவரும்.

மெழுகு வேறு, பொலிஷ் வேறு

பொலிஷ், கொம்பவுண்ட் ஆகியவற்றில் நுண்ணிய அரைக்கும் துகள்கள் உள்ளன. அவை மேற்பூச்சைச் சற்றுத் தேய்த்துக் கீறலைக் குறைக்கின்றன. 'கட் அண்ட் பொலிஷ்' செய்யும் ஒவ்வொரு தடவையும் பூச்சு மெலிகிறது. பல கார்களில் தொழிற்சாலை அடித்த தெளிபூச்சு ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு அளவே தடிப்பானது. அடிக்கடி தேய்ப்பதற்கு அது இடந்தராது.

மெழுகு தேய்ப்பதில்லை, மேலே ஒரு படலமாகப் படிகிறது. பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து பெறும் கார்னோபா மெழுகு 82 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும். எனவே, "வெயிலில் நின்றால் மெழுகு தானாகப் போய்விடும்" என்று நம்பிப் பெயின்ற் அடிக்கக்கூடாது.

இவற்றை விடச் சிக்கலானது சிலிக்கோன். விரைவாகப் பளபளப்புத் தரும் பல பொலிஷ்கள், ரயர் ஷைன், டாஷ்போட் ஸ்பிரே ஆகியவற்றில் அது இருக்கிறது. வெளிநாட்டு உறவுகள் அன்போடு கொண்டுவரும் போத்தல்களிலும் இருக்கலாம்.

குழி ஏன் விழுகிறது?

ஒரு திரவம் ஒரு பரப்பில் படர வேண்டுமானால், அந்தப் பரப்பு அதை ஏற்க வேண்டும். எண்ணெய் பூசிய தட்டில் தண்ணீர் உருண்டு திரள்வதைப் போல, சிலிக்கோன் உள்ள இடத்தில் ஈரப் பெயின்ற் படராமல் விலகி நிற்கிறது. நீரின் பரப்பிழுவிசை மீற்றருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். சிலிக்கோன் எண்ணெய்க்கு அது 21 அளவுதான். பெயின்றினுடையது பொதுவாக இதைவிடக் கூடியது. அதனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி போதும், நடுவில் அடிப்பூச்சுத் தெரியும் வட்டக் குழி விழும். மீனின் கண் போல இருப்பதால் பெயின்றர்கள் இதை 'பிஷ் ஐ' என்கிறார்கள்.

மெழுகு செய்யும் கேடு வேறு விதமானது. பெயின்ற் முதலில் நன்றாகப் பிடித்ததுபோல் இருக்கும், சில மாதங்களில் உரியத் தொடங்கும்.

குழிக்கு எப்போதும் வாகன உரிமையாளரே காரணம் என்றும் இல்லை. கொம்பிரசரிலிருந்து காற்றோடு வரும் எண்ணெயும் இதையே செய்யும். பக்கத்தில் யாரோ ரயர் ஷைன் அடித்தாலும் அதன் தூவல் காற்றில் வந்து படியும்.

சரியான வரிசை

துப்புரவு செய்த பின்னரே வோட்டர் பேப்பர் பிடிக்க வேண்டும். முதலில் தேய்த்தால், மெழுகும் சிலிக்கோனும் புதிய கீறல்களுக்குள் அழுத்தப்பட்டு எடுக்கமுடியாதவையாகிவிடும்.

1. பாத்திரம் கழுவும் திரவச் சோப்பால் நன்கு கழுவுங்கள். மெழுகு கலந்த கார் ஷாம்பு வேண்டாம்.

2. மெழுகு, கிறீஸ் அகற்றவென்று பெயின்ற் கடைகளில் விற்கும் கரைசலைத் துணியில் நனைத்து, சிறு பகுதியாகத் துடையுங்கள். அது காயுமுன் இன்னொரு சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். காயவிட்டால் கரைந்த மெழுகு அதே இடத்தில் மீண்டும் படியும். துணியை அடிக்கடி மாற்றுங்கள்.

3. தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தாளாகப் படர்ந்தால் நல்லது. முத்து முத்தாகத் திரண்டால் இரண்டாவது படியை மீண்டும் செய்யுங்கள்.

4. இதன் பின்னரே பட்டி வைப்பதும் தேய்ப்பதும். பெயின்ற் அடிக்க முன் அதே கரைசலால் இன்னொரு தடவை துடையுங்கள்.

மண்ணெண்ணெய், டீசலால் துடைப்பது கூடாது. அவை எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்கின்றன. தின்னர் பழைய பூச்சைக் கரைக்கலாம் என்பதால், மறைவான இடத்தில் சோதித்துப் பாருங்கள்.

குடாநாட்டுக் கிணற்றுநீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது. கழுவிய நீரைத் தானாகக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி நிற்கும், துடைத்தே உலர்த்துங்கள். உப்பைக் கழுவாமல் மேலே பெயின்ற் அடித்தால், அது ஈரத்தை உறிஞ்சிப் பூச்சின் கீழ் கொப்புளமாகும், துருவும் பிடிக்கும். மாரிகால ஈரப்பதனில் பூச்சு வெளிறிப் போகவும் கூடும், முடிந்தால் அந்த மாதங்களைத் தவிருங்கள்.

குழி விழுந்துவிட்டால்

மேலே தடிப்பாக அடித்து மூட முயல வேண்டாம். நிறுத்தி, நன்கு உலரவிட்டு, துப்புரவாக்கித் தேய்த்து, மீண்டும் தொடங்குவதே வழி. குழி விழாமலிருக்கப் பெயின்றில் கலக்கும் மருந்து பெரும்பாலும் சிலிக்கோன்தான். அது கடைசி வழி மட்டுமே. அடுத்தடுத்த பூச்சுகளுக்கும் தேவைப்படலாம், ஸ்பிரே துப்பாக்கியிலும் ஒட்டிநிற்கும்.

புதிய பெயின்றில் எப்போது மெழுகு?

தொட்டால் ஒட்டாத பெயின்றிலிருந்தும் கரைப்பான் பல வாரங்களுக்கு வெளியேறிக்கொண்டிருக்கும். அதற்குள் மெழுகு பூசினால் பூச்சு மென்மையாகவோ மங்கலாகவோ நின்றுவிடலாம். சூட்டறை இல்லாமல் காற்றில் உலர்த்திய பெயின்றிற்கு இரண்டு முதல் மூன்று மாதங்கள் பொறுப்பது பாதுகாப்பானது. தயாரிப்பாளரின் தாளில் வேறு காலம் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அதுவரை நன்னீரால் கழுவுவது போதும். சந்நிதியில் பூசை செய்து வைக்கும் சந்தனம், குங்குமத்தை அன்றே கழுவிவிடுங்கள்.

கராஜில் வேலை செய்வோருக்கு

கடினமாக்கி கலந்து அடிக்கும் 2கே பெயின்றில் ஐசோசயனேற் உள்ளது. அது ஆஸ்துமாவை உண்டாக்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பின்னர் சிறிதளவும் தாங்காது. துணி முகக்கவசம் இதைத் தடுக்காது. காற்றுக் குழாய் இணைந்த முகமூடியே உரிய பாதுகாப்பு. தொழில் பழகும் இளைஞர்களைப் பெயின்ற் அடிக்கும் நேரத்தில் அருகே நிற்கவிடக் கூடாது.

வாகனத்தை ஒப்படைக்கும்போது

இதுவரை பூசிய மெழுகு, பொலிஷ், ஸ்பிரே எல்லாவற்றையும் பெயின்றரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், போத்தலையும் காட்டுங்கள். மெழுகு அகற்றும் வேலை கூலியில் அடங்குமா என்பதை முதலே பேசிக்கொள்ளுங்கள். நிறத்தை மாற்றுவதாக இருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் திருத்த வேண்டும். பதிவுப் புத்தகத்தில் ஒரு நிறமும் வாகனத்தில் வேறு நிறமும் இருந்தால், வீதிச் சோதனையிலும் பின்னர் விற்கும்போதும் சிக்கல் உங்களுக்குத்தான்.