கண்ணாடியில் படிந்த பாசி: சிக்லிட் மீன்களின் சண்டை பற்றிய ஒரு வரலாறு



சென்ற தவணை எமது விஞ்ஞான கூடத்து மீன் தொட்டியில் ஒரு மரணம் நடந்தது. மூன்றடித் தொட்டி. மலாவி ஏரி வகையைச் சேர்ந்த நான்கு சிக்லிட் மீன்கள் விட்டிருந்தோம்; இரண்டு மஞ்சள், இரண்டு நீலம். நீலம் இரண்டும் 'சோடி' என்று சொல்லித்தான் வாங்கியது. குஞ்சுப் பருவத்தில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது கஷ்டம். வளர்ந்த பிறகுதான் இரண்டுமே ஆண் என்று தெரிந்தது. ஒரு திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது ஒன்று வடிகட்டிக்குப் பின்னால் செட்டைகள் கிழிந்து கிடந்தது. மற்றது பளபளவென்று நீலத்தில் தொட்டி முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

எட்டாம் தர மாணவர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுகள்ட குணமே அப்படித்தான் சேர்."

சின்ன வசனம்தான். ஆனால் இதே வசனத்தை வைத்து விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகள் வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதத்தின் நடுவிலும் சிக்லிட் மீன்தான் நீந்தியது. தேடிப் படித்ததைத் தொகுத்து எழுதுகிறோம். பதிவு நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் மீனைத் தெரிந்துகொள்வோம். சிக்லிட் என்பது ஒரு பெரிய மீன் குடும்பம். ஆபிரிக்காவின் மலாவி ஏரியில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. நமக்கும் இவை அந்நியமல்ல. இலங்கையின் களப்புகளிலும் ஆற்று முகங்களிலும் இக்குடும்பத்தின் இரண்டு இனங்கள் பூர்வீகமாகவே வாழ்கின்றன. சிங்களத்தில் மல் கொரலியா, கஹ கொரலியா என்பார்கள். மூன்றாவது, 1952 இல் வந்து நமது குளங்களை நிரப்பிய ஆபிரிக்கத் திலாப்பியா. குளத்து நீர் வற்றும் காலத்தில் கரையோரச் சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகளைக் கண்டிருப்பீர்கள். ஆண் திலாப்பியா வாயால் தோண்டிய கூடு அது. ஒவ்வொரு குழிக்கும் ஓர் ஆண், ஒவ்வோர் ஆணுக்கும் ஓர் எல்லை. அயல் குழிக்காரன் எல்லை தாண்டினால் வாயோடு வாய் கவ்வி இழுபறி நடக்கும். ஆக, சிக்லிட் ஆண்கள் ஏன் சண்டையிடுகின்றன என்ற கேள்விக்கான விடையில் பாதி நமது குளக்கரையிலேயே எழுதிக் கிடக்கிறது: இடத்துக்காக. அந்த இடத்துக்கு வரும் பெண் மீனுக்காக.

இனி வரலாறு. 1949 இல் கொன்ராட் லோரன்ஸ் என்ற ஒஸ்திரிய விலங்கியலாளர் விலங்குகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆங்கிலத்தில் அதற்குக் கிடைத்த பெயர் 'சுலைமான் அரசரின் மோதிரம்'. மோதிரக் கதை குர்ஆனில் இல்லை. ஆனால் சுலைமான் நபி (அலை) அவர்களுக்குப் பறவைகளின் மொழி கற்பிக்கப்பட்டதும், எறும்பின் பேச்சைக் கேட்டு அவர்கள் புன்னகைத்ததும் நம்ல் அத்தியாயத்தில் இருக்கிறது. விலங்கின் மொழியைக் கேட்க முயன்ற ஒருவர் அந்தப் பெயரைத் தேடிப் போனதில் வியப்பில்லை.

அந்நூலில் ஜுவல் மீன் என்ற மேற்கு ஆபிரிக்கச் சிக்லிட் பற்றி ஒரு சம்பவம் வருகிறது. இருட்டும் நேரம். தந்தை மீன், வழிதவறிய குஞ்சுகளை வாயில் கவ்விக் கூட்டுக்குக் கொண்டு செல்கிறது. லோரன்ஸ் மண்புழுத் துண்டுகளைப் போடுகிறார். மீன் ஒரு துண்டைக் கவ்வி மெல்லத் தொடங்கிய நேரம், தனியே நீந்தும் ஒரு குஞ்சைக் காண்கிறது. ஓடிப்போய் அதையும் வாயில் எடுத்துவிட்டது. இப்போது ஒரே வாயில் விழுங்க வேண்டியதும் காக்க வேண்டியதும். சில கணங்கள் அசையாமல் நின்றது. பிறகு இரண்டையும் வெளியே துப்பியது. குஞ்சின் மீது ஒரு கண் வைத்தபடி ஆறுதலாகப் புழுவைத் தின்றது. அதன்பின் குஞ்சை எடுத்துக்கொண்டு கூட்டுக்குப் போனது. பார்த்துக்கொண்டிருந்த மாணவர்கள் கைதட்டினார்களாம்.

சண்டைக்காரன் என்று நாம் பெயர் வைத்த மீனின் இன்னொரு முகம் இது. அது காவல் காப்பதும் கடிப்பதும் ஒரே கூட்டுக்காகத்தான்.

1963 இல் லோரன்ஸ் வன்மத்தைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதினார். அவரது கொள்கையைச் சுருக்கமாகச் சொல்வதானால், வன்மம் என்பது குளத்தில் ஊறும் நீர் போன்றது. உள்ளே தானாகவே சேரும். வான் திறந்துவிடாவிட்டால் ஒரு நாள் அணையை உடைக்கும். இதற்கு அவர் காட்டிய சான்றுகளில் சிக்லிட் தொட்டியும் ஒன்று. ஒரு சோடியைத் தனியாக ஒரு தொட்டியில் விட்டால், விரட்ட வேறு யாரும் இல்லாத ஆண் கடைசியில் தன் சோடியையே தாக்கும். சில வேளை கொன்றும் விடும். அதனால் பெரிய தொட்டியை நடுவில் கண்ணாடியால் பிரித்து, இரு பக்கமும் ஒவ்வொரு சோடியை வைத்தார்கள். ஆண்கள் இரண்டும் கண்ணாடி வழியே ஒன்றையொன்று முறைத்து முட்டிக்கொண்டிருக்க, இரு வீட்டிலும் சமாதானம் நிலவியது. பெண் மீனிடம் ஆண் மீன் கடுமை காட்டத் தொடங்கினால் வேறொன்றும் பார்க்கத் தேவையில்லை. கண்ணாடியில் பாசி படிந்து அயலான் மறைந்துவிட்டான் என்று அர்த்தம். பாசியைத் துடைத்தால் எதிரி தெரிவான், வீட்டில் அமைதி திரும்பும்.

மீன் வளர்ப்போர் இன்றும் இந்த உத்தியைப் பயன்படுத்துகிறார்கள். மீனுக்கு அது உதவும். ஆனால் லோரன்ஸ் மீனோடு நிற்கவில்லை. மனிதனும் இப்படித்தான் என்றார். வன்மம் பிறவிக் குணம், அதற்கு வடிகால்தான் தேட வேண்டும், விளையாட்டுப் போட்டி போன்றவை அதற்கு உதவும் என்பது அவரது வாதம்.

இங்கே லோரன்ஸைப் பற்றி இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1938 இல் அவர் நாஜிக் கட்சியில் சேர விண்ணப்பித்தவர். 1940 இல் இனத் தூய்மைக் கருத்துகளுக்குத் துணைபோகும் கட்டுரை எழுதியவர். பின்னாளில் வருத்தம் தெரிவித்தார். 1973 இல் அவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்த நிக்கோ டின்பேர்கன் மீன்களின் சண்டையை ஆராய்ந்த மற்றொருவர். அவரோ நெதர்லாந்தை ஜேர்மனி ஆக்கிரமித்த காலத்தில், தமது பல்கலைக்கழகத்தில் யூத ஆசிரியர்கள் நீக்கப்பட்டதை எதிர்த்ததால் ஏறத்தாழ இரண்டு வருடம் பணயக் கைதியாக இருந்தவர். ஒரே துறை, ஒரே மேடை, இரண்டு விதமான மனிதர்கள். குணம் பிறவியிலேயே முடிவாகிவிடுகிறது என்பவர்கள் இதையும் யோசிக்கலாம்.

'ஊறும் குளம்' கொள்கையை யாராவது சோதித்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். அதுவும் லோரன்ஸின் நிறுவனத்திலேயே, தங்கனிக்கா ஏரிப் பகுதியின் பர்ட்டோனி என்ற சிக்லிட்டை வைத்து. 1969 இல் லியோங் என்ற ஆய்வாளர் மாதிரி மீன்களைக் காட்டி, ஆண் மீன் கடிக்கும் தடவைகளை எண்ணினார். எதிராளியின் முகத்தில் உள்ள கறுப்புக் கோடு தெரிந்தால் கடி கூடியது. செம்மஞ்சள் திட்டுத் தெரிந்தால் குறைந்தது. 1972 இல் ஹைலிகன்பேர்க், கிராமர் இருவரும் ஆண் மீனை வேறு ஆண்கள் இல்லாத இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். கொள்கைப்படி வன்மம் உள்ளே சேர்ந்து வெடித்திருக்க வேண்டும். நடந்தது மறுபக்கம்: தாக்கும் நாட்டம் நாளடைவில் தணிந்தது. எதிராளியை அடிக்கடி காட்டியபோதுதான் அது உயர்ந்து நின்றது.

இன்னும் ஆழமாகப் போனவர் அமெரிக்க ஆய்வாளர் ரஸல் ஃபெர்னால்ட். அதே பர்ட்டோனி மீனில் ஆண்கள் இரு வகை. நிலம் பிடித்தவன் பளிச்சென்ற நிறத்தில் விரட்டித் திரிவான். நிலமற்றவன் மங்கிய நிறத்தில் ஒதுங்கி நிற்பான். அவனது இனப்பெருக்க உறுப்புகளும் சுருங்கியிருக்கும். பெரியவனை வெளியே எடுத்துவிட்டால், மங்கியவன் சில நிமிடங்களிலேயே நிறம் மாறி விரட்டத் தொடங்குவான். தொடர்ந்து மூளையில் இனப்பெருக்கத்தை ஆளும் கலங்களும் பருக்கும். பதவி போனால் மீண்டும் சுருங்கும். நிலைமை மாறினால் மூளையே மாறுகிறது. 2007 இல் வெளியான இன்னோர் ஆய்வில், பிறர் சண்டையைப் பார்த்தே யார் பலசாலி, யார் பலவீனன் என்று இந்த மீன் கணித்துக்கொள்வதையும் காட்டினார்கள்.

சரி, அப்படியானால் எமது தொட்டியில் ஏன் கொலை நடந்தது?

மலாவி ஏரியின் பாறைக் கரைகளில் வாழும் இந்தச் சிறு மீன்களை அங்குள்ள மக்கள் 'எம்புனா' என்கிறார்கள். பாறையில் படரும் பாசியே உணவு. ஒவ்வோர் ஆணும் ஒரு பாறைத் துண்டைக் காக்கும். எதிரி வந்தால் முதலில் செட்டைகளை விரித்துப் பக்கவாட்டில் நின்று காட்டும். பிறகு வாலால் நீரை அடிக்கும். அதன்பிறகே வாய்ப்பிடி. பெரும்பாலான சண்டைகள் இந்தப் படிகளிலேயே முடிந்துவிடும். தோற்றவன் செட்டையை மடக்கி, நிறம் மங்கி, ஓடிவிடுவான். வென்றவனும் எல்லையோடு நின்றுவிடுவான்.

ஏரியில் தோற்றவனுக்கு ஓட இடம் இருக்கிறது. மூன்றடிக் கண்ணாடிப் பெட்டியில் இல்லை. 'தோற்றுவிட்டேன்' என்று அவன் எவ்வளவு சொன்னாலும் வென்றவன் கண்ணுக்கு அவன் இன்னும் தன் எல்லைக்குள்ளேதான் நிற்கிறான். ஆகவே அடி நிற்பதில்லை. மீனின் குணத்தை நாம் உண்டாக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டியை அமைத்தவர்கள் நாம்தான்.

மலாவி மீன்கள் 1960களில் மேற்கு நாட்டு வீடுகளுக்குள் வரத் தொடங்கிய பிறகு, வளர்ப்போர் பல மீன்களைப் பலி கொடுத்துக் கற்றவை இவை. தொட்டி வைத்திருப்போர் குறித்துக்கொள்ளுங்கள்:

ஒன்று, உயரமான தொட்டியைவிட நீளமான தொட்டி நல்லது. எல்லை என்பது தரையில்தான் போடப்படுகிறது.

இரண்டு, ஓர் இனத்தில் ஓர் ஆணுக்குப் பல பெண்கள் இருக்கட்டும். ஒரே பெண் என்றால் முழுத் துரத்தலும் அவள் தலையில்தான்.

மூன்று, ஒரே நிறமும் ஒரே கோடும் உள்ள இரு இனங்களைச் சேர்க்க வேண்டாம். தன்னைப் போல் தெரிபவனையே அது முதலில் போட்டியாளனாக எண்ணுகிறது.

நான்கு, கற்களை அடுக்கிப் பார்வையை மறையுங்கள். காணாத எதிரியை அது தேடிப் போய் அடிப்பது குறைவு. புது மீன் விடும் நாளில் கற்களை இடம் மாற்றுங்கள். பழையவனின் எல்லை அழிந்து எல்லோரும் புதிதாகத் தொடங்குவார்கள்.

ஐந்து, முரட்டு மீனைக் கடைசியாக விடுங்கள். ஏற்கெனவே விட்டிருந்தால் சில நாட்கள் பிரித்து வைத்துப் பிறகு சேருங்கள்.

ஆறு, சற்று நெருக்கமாக வளர்க்கும் முறையும் உண்டு. மீன் அதிகமானால் அடி ஒருவர் மீதே விழாமல் பங்கிடப்படும். ஆனால் கழிவு கூடும். வலுவான வடிகட்டியும் தவறாத நீர் மாற்றமும் இல்லாமல் இதைச் செய்தால், சண்டையில் சாகாத மீன் அமோனியாவில் சாகும்.

இனி மனிதனுக்கு வருவோம். 1986 இல் ஸ்பெயினின் செவில் நகரில் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். போர் மனிதனின் பிறவி விதி என்று சொல்வது விஞ்ஞான ரீதியாகத் தவறு என்பதே அதன் சாரம். 1989 இல் யுனெஸ்கோ அதை ஏற்றுக்கொண்டது.

மீனிலிருந்து மனிதனுக்கு நேராகத் தாவக் கூடாது என்பதுதான் இந்த வரலாற்றின் முதல் பாடம். ஆகவே நாமும் தாவவில்லை. ஆனால் அந்தப் பாசி படிந்த கண்ணாடியை எம்மால் மறக்க முடியவில்லை. வீட்டுக்குள் அமைதி வேண்டுமென்றால் வெளியே ஓர் எதிரியைக் காட்டு என்ற தந்திரம் மீன் தொட்டியோடு முடிந்துவிடவில்லையே. இந்த நாட்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து மீனாக நிறுத்தப்பட்டால் எப்படியிருக்கும் என்று எமது சமூகத்துக்குத் தெரியும். கடைகள் எரிந்த இரவுகளை மறந்துவிடவில்லை. அதே நேரம், ஊருக்குள் ஜமாஅத்தின் பெயரால் இன்னொரு கண்ணாடியை நாமே வைத்து, அது மங்கும்போதெல்லாம் நாமே துடைத்து வைக்கவில்லையா? இதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நமது களப்பின் கொரலியாக்களைப் பற்றி ஒரு செய்தியோடு முடிக்கிறோம். 1970களில் வோர்ட், வைமன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இவற்றை ஆராய்ந்தார்கள். சிறிய மஞ்சள் கொரலியா, பெரிய கொரலியாவின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளையும் பழுதடைந்த தோலையும் கொத்தித் துப்புரவு செய்கிறது. பெரியது அசையாமல் நின்று இடம் கொடுக்கிறது. இரண்டும் சிக்லிட். இரண்டும் தம் கூட்டுக்காகச் சண்டையிடுபவை. இதுவும் 'அதுகள்ட குணம்'தான்.

தொட்டி இப்போது எப்படி இருக்கிறது? நீல ஆணை ஒரு கிழமை பிரித்து வைத்தோம். மாணவர்கள் கற்களை முற்றிலும் வேறு விதமாக அடுக்கினார்கள். ஐந்து பெண் மீன்களைத் தேடி வாங்கி முதலில் விட்டு, அவனைக் கடைசியாக விட்டோம். வடிகட்டியையும் பெரிதாக்கினோம். துரத்தல் முற்றாக நிற்கவில்லை. ஆனால் துரத்தப்பட்டது கல்லுக்குப் பின்னால் போனதும் அவன் திரும்பி வருகிறான். இந்தத் தவணையில் இதுவரை மரணம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அந்த மாணவர்தான் இப்போது தொட்டிக்குப் பொறுப்பாளர். வகுப்பில் இரண்டு பேர் முட்டிக்கொண்ட ஒரு நாளில் அவர் எம்மிடம் வந்து, "ரெண்டு பேரையும் ஒரே வாங்குல விட்டது நாமதானே சேர்" என்றார். அன்றே இடம் மாற்றி அமர்த்தினோம்.