மின் தொகுப்பேடு

மாணவர் தாம் செய்த வேலைகளில் சிலவற்றைத் தெரிந்தெடுத்து, அவற்றைப் பற்றிய தம் எண்ணங்களையும் எழுதிச் சேர்த்துக் கணினியிலோ இணையத்திலோ பேணிவரும் தொகுப்பு. இ-போர்ட்ஃபோலியோ என்றும் வழங்கும். கட்டுரை, படம், ஒலிப்பதிவு, காணொளி ஆகியவை இதில் இடம்பெறலாம். வேலைகளைச் சேமித்து வைத்தால் மட்டும் போதாது, 'இதை ஏன் எடுத்தேன், இதில் என்ன கற்றேன்' என்னும் மாணவரின் குறிப்பும் வேண்டும் என்பதே பெரும்பாலோர் கருத்து.

ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும் தம் படைப்புகளைக் கோப்பாகக் கொண்டுசெல்லும் வழக்கம் பழையது. அது பள்ளிக்குள் எப்போது நுழைந்தது என்பதைத் துல்லியமாகச் சொல்வது கடினம். அனுபவத்தைத் திரும்பிப் பார்த்தே கற்கிறோம் என்ற கல்வியாளர் ஜான் டூயியின் சிந்தனையை இதன் வேராகக் காட்டுவோர் உண்டு. தொழில்புரிவோர் தம் செயலைச் சிந்தித்துப் பார்ப்பது பற்றி டொனால்ட் ஷான் 1983இல் எழுதிய நூலிலிருந்து தொடங்குவோரும் உண்டு.

காகிதக் காலத்துக்கே ஆவணங்கள் மிகுதி. 1980களில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில் பீட்டர் எல்போவும் பாட் பெலனாஃபும் எழுத்துத் திறன் தேர்வுக்குப் பதிலாகத் தொகுப்பேட்டைக் கொண்டுவந்தனர். பாடம் நடத்திய ஆசிரியரன்றி வேறோர் ஆசிரியரே அதைப் படித்துத் தேர்ச்சியை முடிவுசெய்தார்.

அடுத்து வெர்மான்ட். இச்சிறு அமெரிக்க மாநிலம் 1990-91இல் முன்னோட்டம் பார்த்து, மறு கல்வியாண்டில் நான்காம், எட்டாம் வகுப்புகளின் கணக்குக்கும் எழுத்துக்கும் மாநில அளவில் தொகுப்பேட்டு மதிப்பீட்டைத் தொடங்கியது. எழுத்துத் தொகுப்பேட்டில் மாணவர் தம் 'ஆகச் சிறந்த ஆக்கம்' ஒன்றைத் தாமே தேர்ந்து வைக்க வேண்டும். அதைத் தேர்ந்த காரணத்தை மதிப்பிடுவோருக்கு ஒரு கடிதமாக எழுத வேண்டும். நான்காம் வகுப்புக் குழந்தையும் முன்பின் தெரியாத ஒரு பெரியவருக்குத் தன் தேர்வை விளக்கி எழுதியது! மதிப்பெண்களை ஆராய்ந்த ராண்ட் நிறுவனத்தின் டேனியல் கோரெட்ஸ் குழு, ஒரே தொகுப்பேட்டுக்கு இரு ஆசிரியர்கள் இட்ட மதிப்பெண்கள் போதிய அளவு ஒத்துப்போகவில்லை என்று 1992இல் அறிவித்தது. கணக்கில் நிலைமை பின்னர் தேறியது. எழுத்தில் அவ்வளவாக இல்லை. ஆனாலும் கணக்குப் பாடத்தில் சிக்கல் தீர்க்கும் பயிற்சிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கியதாக ஆசிரியர்கள் கூறினர். இதைத் தோல்வி என்பதா, அளவுகோலின் குறை என்பதா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த முடிவில்லை.

கணினிக்கு மாறிய காலம் பற்றிய பதிவுகள் சிதறிக் கிடக்கின்றன. அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஹெலன் பாரெட் 1990களிலிருந்து மின் தொகுப்பேட்டைப் பரப்பியவர். கற்கும் பட்டறை, காட்சிக்கு வைக்கும் மேடை என இரு முகங்கள் இதற்கு உண்டு என்று பிரித்துக் காட்டியவர். மில்வாக்கி நகரின் அல்வெர்னோ மகளிர் கல்லூரி 1999இல் தன் மின் தொகுப்பேட்டைத் தொடங்கியது. மதிப்பெண் தரவரிசையை விட்டு ஆசிரியரின் விரிவான கருத்துரைகளை நம்பியிருந்த கல்லூரி என்பதால், அக்கருத்துரைகளை மாணவியர் ஆண்டுதோறும் திரும்பிப் படிக்க இது வழிசெய்தது. குடியேறியோர் பலர் பயிலும் நியூயார்க்கின் லகார்டியா சமுதாயக் கல்லூரி 2000களின் தொடக்கத்தில் சேர்ந்துகொண்டது. 2006இல் நியூசிலாந்தில் மின் தொகுப்பேட்டுக்கான மஹாரா என்னும் திறமூல மென்பொருள் உருவானது.

2016இல் அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் சங்கம் மின் தொகுப்பேட்டை உயர்பயன் தரும் கல்வி நடைமுறைகளில் பதினொன்றாவதாகச் சேர்த்தது. மாணவரின் மனவோட்டத்துக்கு மதிப்பெண் இட்டால் அவர் உண்மையை எழுதுவாரா, ஆசிரியருக்குப் பிடித்ததை எழுதுவாரா என்ற கேள்வி இன்றும் தொடர்கிறது. செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் அதைக் கூர்மையாக்கியுள்ளன. இந்தியாவில் தேசியக் கல்விக் கொள்கை 2020, முன்னேற்ற அட்டையில் தன்மதிப்பீட்டோடு தொகுப்பேட்டையும் குறிப்பிடுகிறது.