ஈடு ஈடாக நடக்கும் வேலை



பெங்களூர் நீலசந்திராவில் வேலை பார்க்கும் ஒருவர், தர்மபுரியிலுள்ள தம் தாயாருக்கு வங்கியின் ‘நெஃப்ட்’ முறையில் ஆயிரம் ரூபாய் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்திய அக்கணமே அந்தப் பணம் தனியாகப் பயணம் புறப்பட்டுவிடுவதில்லை. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் அதே வேளையில் அனுப்பப்பட்ட தொகைகளோடு சேர்ந்து அதுவும் சற்றுக் காத்திருக்கிறது. அரைமணிக்கு ஒருமுறை, சேர்ந்திருக்கும் அத்தனை கணக்குகளையும் ஒருங்கே எடுத்து, வங்கிகளுக்குள் கொடுக்கல் வாங்கல் தீர்க்கப்படுகிறது. 2005 நவம்பரில் ரிசர்வ் வங்கி தொடங்கிய இந்த ஏற்பாடு, 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகல் என்ற வேறுபாடின்றி, நாளொன்றுக்கு 48 தொகுதிகளாக நடைபெற்று வருகிறது.

இவ்வாறு வேலைகளைச் சேர்த்து வைத்து, மனிதரின் குறுக்கீடு இல்லாமல் ஒரே ஓட்டத்தில் செய்து முடிக்கும் முறைக்கு ஆங்கிலத்தில் ‘பேட்ச்’ முறை என்று பெயர். அச்சொல் அடுமனையில் பிறந்தது. ஒருமுறை அடுப்பிலிட்டுச் சுட்டெடுக்கும் ரொட்டிகளின் தொகைக்கு அப்பெயர் வழங்கிற்று. இதற்கு நேரான தமிழ்ச் சொல்லைத் தேடி நாம் நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. நம் சமையலறைகளில் ‘ஒரு ஈடு இட்லி’ என்கிறோமே, அந்த ஈடுதான் இது. காரியாலய எழுத்தில் ‘தொகுதி’ என்று எழுதினாலும், பொருளை உள்ளபடி உணர்த்துவது ஈடு என்னும் சொல்லே. தட்டில் மாவை ஊற்றி மூடிவிட்டால், வெந்து முடியும் வரையில் நடுவே கை வைக்க இயலாது. உப்பு மிகுந்துவிட்டால் அந்த ஈடு முழுவதுமே உப்புத்தான். கணிப்பொறியின் ஈடும் அப்படிப்பட்டதே.

யந்திரத்துக்குக் கட்டளைகளை முன்கூட்டியே எழுதி வைக்கும் வழக்கம் கணிப்பொறியைக் காட்டிலும் பழமையானது. பிரான்ஸ் தேசத்தின் லியோன் நகரில் ஜக்கார் என்பவர் 1804ஆம் ஆண்டு வாக்கில் ஒரு தறியமைப்பை உருவாக்கினார். துளையிட்ட அட்டைகளைக் கோத்துத் தறியின் மேல் தொங்கவிட்டார். துளை இருக்குமிடத்தில் ஒரு நூல் எழும். இல்லாத இடத்தில் எழாது. நெசவாளி மிதியை மிதிக்க மிதிக்க, அட்டை ஒவ்வொன்றாக நகர்ந்து, பூவும் கொடியும் துணியில் தாமே விரிந்தன. காஞ்சிபுரத்திலும் பெங்களூரின் பழைய பேட்டைத் தெருக்களிலும் பட்டுத் தறிகளின் மேல் அத்தகைய அட்டை மாலைகளைக் கண்டவர்கள் பலர் இருப்பீர்கள். 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கட்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் துளை அட்டையைக் கொண்டே கோடிக்கணக்கான மக்களை எண்ணிக் காட்டினார். 1928இல் ஐ.பி.எம். நிறுவனம் 80 பத்திகள் கொண்ட அட்டையை வெளியிட்டது. பின்னர் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், கணிப்பொறியோடு மனிதன் பேசிய பாஷை பெரும்பாலும் அந்த அட்டையில்தான் எழுதப்பட்டது.

இந்தியாவுக்கு முதற் கணிப்பொறி வந்து சேர்ந்தது 1955இல். பேராசிரியர் மகாலனோபிஸ் தலைமையில் இயங்கிய கல்கத்தாப் புள்ளியியல் கழகம் அதனை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார், ஆர். நரசிம்மன் அவர்களின் தலைமையில், தாமே ஒரு கணிப்பொறியை அமைத்து 1960இல் இயங்கச் செய்தனர். ‘டிஃப்ராக்’ என்று அதற்குப் பெயரிட்டவர் பிரதமர் நேரு.

அக்காலக் கணிப்பொறியின் விலை பல லட்சம் ரூபாய். அதனருகே இருந்து அதனை நடத்தும் ஊழியரின் சம்பளமோ மாதம் சில நூறு ரூபாய். ஆகவே, மனிதன் காத்திருக்கலாம், யந்திரம் காத்திருக்கலாகாது என்பதே நியாயமாகப் பட்டது. ஆயினும் நடந்தது நேர்மாறு. ஒருவர் வந்து தம் அட்டைக் கட்டைப் பொருத்துவார். நாடாச் சுருளை மாட்டுவார். கணக்கு சில நிமிஷங்களில் முடிந்துவிடும். அவர் தம் பொருள்களை எடுத்துக்கொண்டு போய், அடுத்தவர் வந்து பொருத்தும் வரையில் லட்சக்கணக்கில் விலைபெற்ற யந்திரம் சும்மா இருக்கும். கணக்குப் போடும் நேரத்தைவிட ஆயத்தம் செய்யும் நேரம் மிகுந்து நின்றது.

இந்த வீண் செலவை ஒழிக்க 1956இல் அமெரிக்காவில் ஒரு வழி காணப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் பாட்ரிக், நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனத்தைச் சேர்ந்த ஓவன் மாக் ஆகியோரின் முயற்சியால், ஐ.பி.எம். 704 என்னும் கணிப்பொறிக்கு ஒரு மேற்பார்வை நிரல் உருவாயிற்று. பலருடைய வேலைகளை வரிசையாக நாடாவில் ஏற்றி வைத்தால், ஒன்று முடிந்ததும் அடுத்ததை அந்நிரலே எடுத்துக்கொள்ளும். இடையில் மனிதக் கை தேவையில்லை. இன்று இயங்குதளம் என்று நாம் சொல்லுவதன் மூதாதைகளுள் ஒன்று இது. ஆக, இயங்குதளம் பிறந்ததே ஈடு போடுவதற்காகத்தான் என்று கூறினால் அது மிகையாகாது.

நம் நாட்டு இளைஞர்கள் இம்முறையைப் பெருமளவில் பயின்ற இடம் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம். 1963 ஆகஸ்டில் அங்கே ஐ.பி.எம். 1620 வந்தது, 1966இல் அதனினும் பெரிய 7044 வந்தது. 1933இல் ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் அங்கே ஆசிரியராக இருந்தார். பிற நிலையங்களிலிருந்து வந்த விஞ்ஞானிகளுக்கும் பொறியியலாளர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்தப்பட்டன. மாணவருக்கென்று அவர் எழுதிய நிரலாக்கப் பாடநூல் 1969இல் வெளியாகிப் பல தலைமுறைகளுக்கு வழிகாட்டியாயிற்று. பின்னர், 1982இல் அவர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்து பணிபுரிந்தார். அக்கழகத்தில் 1970களின் தொடக்கத்திலேயே ஐ.பி.எம். 360 வகைக் கணிப்பொறி ஒன்று அமைந்திருந்தது. சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370 கணிப்பொறி 1973இல் இயங்கத் தொடங்கியது.

அக்கணிப்பொறிகளிடம் மாணவர் ஒருவர் வேலை கொடுத்த விதத்தைச் சற்றுக் கவனிப்போம். முதல் அட்டையில் அவருடைய பெயரும் கணக்கு எண்ணும் இருக்கும். அடுத்த அட்டை, ‘வருவது ஃபோர்ட்ரான் பாஷையில் உள்ளது, யந்திர பாஷைக்கு மாற்றுக’ என்று ஏவும். அதன்பின் நிரல் அட்டைகள் வரும். பிறகு ‘மாற்றியதை இயக்குக’ என்னும் கட்டளை. பிறகு கணக்குக்கு வேண்டிய எண்கள். கடைசியில் முடிவுக் குறி. ரப்பர் வளையம் போட்ட இக்கட்டை ஜன்னல் வழியே கொடுத்துவிட்டு மாணவர் போய்விட வேண்டியதுதான். விடை சில மணி நேரத்துக்குப் பின்போ மறுநாளோ அச்சாகி வரும். ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் விடைக்குப் பதிலாகக் குற்றப் பட்டியல்தான் வரும். ஒரு நாள் போய்விடும். ஆகையால் அட்டையைக் கொடுக்கு முன், தாளில் எழுதி வரிவரியாக மனத்துக்குள் நடத்திப் பார்க்கும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு உண்டாயிற்று. கஷ்டம் கற்பித்த ஒழுக்கம் அது.

நிரலைவிட, நிரலை நடத்தும் இந்த ஏவல் அட்டைகள்தாம் நம் விஷயத்துக்கு முக்கியமானவை. அவை கணக்குப் போடுவதில்லை. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, எங்கிருந்து எடுப்பது, எங்கே வைப்பது என்று மேஸ்திரியைப் போல் முறைப்படுத்துகின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1960களின் முற்பகுதியில் பணியாற்றிய லூயி பூசேன் என்ற பிரெஞ்சுக்காரர், அட்டையை விடுத்து, தட்டச்சுக் கட்டளைகளையே ஒரு கோப்பில் எழுதி வைத்து, கோப்பின் பெயரைச் சொன்னதும் அவை வரிசையாக நடக்கும்படி செய்தார். ‘ரன்காம்’ என்பது அதன் பெயர். கட்டளைகளை வாங்கி நடத்தும் பகுதிக்கு ‘ஷெல்’, அதாவது ஓடு, என்று பெயர் சூட்டியவரும் அவரே.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் மேசைக் கணிப்பொறி வெளிவந்தபோது, அதனுடன் வந்த ‘டாஸ்’ இயங்குதளத்தில் இவ்வசதியும் இருந்தது. அதுவே ‘பேட்ச்’ கோப்பு. அதன் பெயர் ‘பேட்’ என்ற மூன்றெழுத்து வாலோடு முடியும். 1983இல் வந்த இரண்டாம் பதிப்பு அதற்கு ஆராயும் திறனையும் ஓரளவு அளித்தது. ‘இஃப்’ என்னும் சொல், இன்னது நேர்ந்தால் இதைச் செய் என்று ஏவும். ‘கோட்டூ’ வேறிடத்துக்குத் தாவச் சொல்லும். ‘ஃபார்’ ஒரே வேலையைப் பல கோப்புகளுக்குத் திரும்பத் திரும்பச் செய்விக்கும். ‘எக்கோ’ திரையில் செய்தி எழுதும். 1984 நவம்பரில் மத்திய அரசு கணிப்பொறிக் கொள்கையைத் தளர்த்திய பின், இத்தகைய மேசைக் கணிப்பொறிகள் நம் காரியாலயங்களிலும் மெல்ல மெல்லப் பரவின.

ஓர் உதாரணம் கூறுவேன். ஒரு காரியாலயத்தில் தினந்தோறும் மாலையில் அன்றையக் கடிதங்களை வேறொரு தட்டில் பிரதி எடுத்து வைத்து, மூலத்தை அழித்துவிட வேண்டும் என்று கொள்வோம். எழுத்தர் அன்றாடம் தட்டும் கட்டளைகள் நான்கு. தேதியிட்ட ஓர் அடைவை உண்டாக்கு. அதில் கடிதங்களைப் பிரதி செய். அவற்றின் பட்டியலை அச்சிடு. பழைய இடத்தில் அழித்துவிடு. இந்நான்கையும் நான்கு வரிகளாக ஒரு கோப்பில் எழுதி, ‘மாலை’ என்று பெயரிட்டால் போதும். மறுநாளிலிருந்து அந்த ஒரு சொல்லைத் தட்டினால் நான்கும் வரிசையாக நிறைவேறும். பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். தாம் செய்யும் வேலையின் வரிசையைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் போதும்.

ஆனால் இங்கேதான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ஒரு நாள் பிரதி எடுக்கும் தட்டில் இடம் நிறைந்துவிடுகிறது. பிரதி நடக்கவில்லை. எழுத்தர் கையால் செய்திருந்தால் திரையில் தோன்றும் எச்சரிக்கையைக் கண்டு நின்றிருப்பார். கோப்போ நிற்பதில்லை, நான்காம் வரிக்குப் போய் மூலத்தை அழித்துவிடுகிறது. எள் என்றால் எண்ணெயாக நிற்கும் ஏவலாளைப் பற்றி நாம் பேசுவதுண்டு. கணிப்பொறியோ எள் என்றால் எள்ளாகவே நிற்கும். நாம் கருதியது அதற்குத் தெரியாது; எழுதியது மட்டுமே தெரியும். ஆகையால் அனுபவமுள்ளவர், இரண்டாம் வரிக்குப் பின் ‘பிரதி நடந்ததா என்று பார், இல்லையேல் இத்தோடு நில்’ என்று ஒரு வரியைச் சேர்ப்பார். அழிக்கும் கட்டளையைப் பரீட்சை முடியும் வரையில் எழுதவே மாட்டார். இன்னின்ன வரி இன்னின்னதற்கு என்று, பின்னால் வருபவருக்காகக் குறிப்பும் எழுதி வைப்பார்.

பெரிய ஸ்தாபனங்களில் இக்கவனம் தவறினால் விளைவும் பெரிதாகிறது. 2012 ஜூனில் பிரிட்டனில் ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தின் வங்கிகளில், தொகுதி வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருளைப் புதுப்பிக்கப் போய்க் கோளாறு விளைந்தது. ஓர் இரவின் ஈடு முடியாமல் அடுத்த இரவின் ஈடும் தேங்கிற்று. 65 லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் தம் கணக்கில் சம்பளத்தைக் காணாமலும் பணம் எடுக்க முடியாமலும் தவித்தனர். 2014இல் அவ்வங்கிகளுக்கு 5 கோடியே 60 லட்சம் பவுன் அபராதம் விதிக்கப்பட்டது.

இன்னொரு கேள்வியும் இவ்வரலாற்றோடு கூடவே வந்திருக்கிறது. வேலையை யந்திரமே வரிசையாகச் செய்துவிடுமானால், அதைச் செய்துவந்த மனிதரின் கதி என்ன? 1960களின் பிற்பகுதியில் நம் ரயில்வேயில் ஐ.பி.எம். 1401 கணிப்பொறிகள் புகுந்து சம்பளப் பட்டியலையும் சரக்கிருப்பையும் கணக்கிட்டன. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் அதே யந்திரம் வந்தபோது ஊழியர் சங்கங்கள் உறுதியாக எதிர்த்தன; கல்கத்தாவில் இலாகோ மாளிகை முன்னர் இரவும் பகலும் காவல் நின்றன. 1969இல் மத்திய அரசு பேராசிரியர் தாண்டேகர் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. 1972இல் அதன் அறிக்கை வந்தது. வங்கிகளில் 1983இல் நிர்வாகத்துக்கும் சங்கங்களுக்கும் உடன்பாடு ஏற்பட்ட பிறகே, சி. ரங்கராஜன் குழுவின் 1984ஆம் ஆண்டு அறிக்கையை அடியொற்றிக் கணிப்பொறி படிப்படியாக நுழைந்தது. அன்று எதிர்த்தவர்களை அறியாமையுடையோர் என்று ஒதுக்குவது நியாயமன்று. ஏவும் வரியை எழுதுபவர் யார், அதனால் ஆதாயம் பெறுபவர் யார், வேலை இழப்பவர் யார் என்று அவர்கள் கேட்டனர். பெங்களூர் மென்பொருள் நகரமாகிவிட்ட இக்காலத்திலும் அக்கேள்வி பழசாகவில்லை.

வேலையின் வரிசையை அறிந்தவரே ஏவல் வரியையும் எழுதத் தெரிந்துகொண்டால், அக்கேள்விக்கு ஒரு பாதி விடை கிடைக்கும். அன்றாடம் ஒரே நான்கு கட்டளைகளைத் தட்டிக் களைக்கும் எழுத்தர், அவற்றைத் தாமே ஒரு கோப்பில் எழுதி வைப்பாராகில், யந்திரம் அவருக்கு உதவியாளாகும். பிறர் எழுதியதைப் பொருள் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பாராகில், அவரே அதன் உதவியாளாகிவிடுவார். இன்று புதிய பாஷைகளும் புதிய கருவிகளும் வந்துவிட்டன. ஆயினும் முறை மாறவில்லை. முதலில் வேலையைப் பகுத்து வரிசைப்படுத்த வேண்டும். ஒவ்வொரு படியிலும் தவறக்கூடியது எது என்று எண்ண வேண்டும். தவறினால் நிற்கும்படி எழுத வேண்டும். அதன்பிறகே கையை எடுக்க வேண்டும். ஈட்டை அடுப்பில் ஏற்றுமுன் மாவைத் தொட்டுச் சுவை பார்க்கிறவருக்கு இதை நான் விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?