ஒரு மந்தைவழியின் வரலாறு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து ஊர்களில் மாடு போகும் வழியை யாரும் திட்டம் போட்டு அமைத்ததில்லை. காலையில் கொட்டாயிலிருந்து அவிழ்த்துவிட்டால் மந்தைவெளி. பத்து வீட்டு மாடுகள் அங்கே சேர்ந்ததும் களத்துமேட்டு ஓரமாக ஏரிக்கரை, கரையைத் தாண்டினால் மேய்க்கால். கோடையில் ஏரி வற்றிவிட்டால் உள்வாயிலேயே மேயும். அறுப்பு முடிந்ததும் கழனித் தாள்; நடவு தொடங்கிவிட்டால் மேட்டுத் தரிசு. ஏரியும் மேடும் அடுத்தடுத்து வரும் நிலம் இது. மழையையும் பயிரையும் பார்த்து வழியும் இடம் மாறிக்கொண்டது. மாடுகளுக்கும் மேய்ப்பவருக்கும் அது எப்போதும் ஒரே வழிதான்.

காகிதத்தில் ஏறியபோதுதான் அது துண்டானது. இந்த வட்டாரம் அடங்கிய செங்கல்பட்டு ஜாகீரை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு ஊர் ஊராக அளந்தார். நஞ்சை, புஞ்சை, ஏரி, தோப்பு, வீடு என்று கணக்கெடுத்த பெரும்பணி அது. அடுத்த நூற்றாண்டில் ரயத்வாரி முறையும் புல அளவையும் வந்து, ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு புல எண் கொடுத்தன. மாடு நடந்த ஒரே வழி இப்போது பல எண்களில் விழுந்தது. புறப்படும் இடம் மந்தைவெளிப் புறம்போக்கு. அடுத்தது வண்டிப்பாதைப் புறம்போக்கு. பிறகு ஏரிப் புறம்போக்கு. போய்ச் சேருமிடம் மேய்க்கால் புறம்போக்கு. நடுவில் யாருடைய பட்டா நிலத்து வரப்பையாவது ஒட்டிப் போகும் பகுதிக்குப் பதிவேட்டில் பெயரே இல்லை. அங்கே இருந்தது மாமூல் மட்டும்: அறுப்பு முடிந்தால் மாடு போகலாம், பயிர் நின்றால் சுற்றிப் போகவேண்டும்.

சட்டம் மாட்டைப் பார்த்ததும் வேறு விதமாகத்தான். 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தின்படி, பயிரில் வாய் வைத்த மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைக்கலாம். உரியவர் தண்டம் கட்டி மீட்டுக்கொள்ளவேண்டும். வழி தவறிய மாட்டுக்கு விதி உண்டு, கட்டடம் உண்டு, கட்டணம் உண்டு. தவறாமல் போவதற்கான வழி எது என்று வரைந்து வைக்கும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை. இன்றைய குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பின் புறம்போக்கு ஊராட்சியின் கைக்கு வந்தது. 1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு, மாடு நிற்குமிடம், தோப்பு போன்ற புறம்போக்குகளை ஊராட்சியின் பொறுப்பில் வைத்தன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அரசு தனக்கு வேண்டும் என்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதோடு, ஏரி பொதுப்பணித் துறையிடமோ ஒன்றியத்திடமோ இருந்தது. பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையிடம். மந்தைவெளியில் நிற்கும் வரை மாடு ஊராட்சியின் எல்லையில். நூறு அடி நடந்தால் இன்னொரு அலுவலகத்தின் எல்லையில்.

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. தொழிற்பேட்டைகள் அமைக்கும் மாநில நிறுவனமான சிப்காட் 1971இல் பிறந்தது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும் அதே ஆண்டுதான். 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. தொழிலுக்கு நிலம் எடுப்பதற்கென்றே 1997இல் மாநிலம் தனிச் சட்டம் இயற்றியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது, 2012இல் டெய்ம்லர். இந்த ஆலைகள் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. மாடு மேய்த்த வீட்டுப் பிள்ளைகளும் அவற்றில் வேலைக்குப் போகிறார்கள். அந்த நன்மையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் நிலம் கைமாறும் விதத்தைக் கவனிக்கவேண்டும். பட்டா நிலத்துக்கு உரிமையாளர் உண்டு, இழப்பீடு உண்டு, வழக்குப் போட நீதிமன்றமும் உண்டு. மேய்க்கால் புறம்போக்கை மாற்றும்போது ஈடாக வேறு நிலத்தை மேய்ச்சலுக்கு ஒதுக்கும்படி வருவாய்த் துறை கேட்கும் நடைமுறையும் உண்டு. வழிக்கு ஈடு கேட்க யாருமில்லை. பத்து ஏக்கருக்குப் பத்து ஏக்கர் கிடைத்தால் கணக்கு நேராகிவிடும். அந்தப் புதிய பத்து ஏக்கர் ஆறுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தால், தினமும் பால் கறக்கும் எருமைக்கு அதனால் என்ன பயன்? வரப்பை ஒட்டிய மாமூல் வழியோ நிலம் விற்ற அன்றே முடிந்துவிடும். சுற்றுச்சுவர் எழும்பிய பிறகுதான் ஊருக்கே அது தெரியவரும்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையிலும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாடுகள் நிற்பதை அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் அறிவார்கள். மழைக்காலத்தில் சேறில்லாமல் படுக்க, நடுத்திட்டை விட்டால் அவற்றுக்கு வேறு இடமில்லை. இரவுப் பணி முடிந்து இருசக்கர வண்டியில் வீடு திரும்பும் இளைஞர்களும் அவற்றின் மேல் மோதுகிறார்கள். மாட்டுக்காரர் பொறுப்பில்லாதவர் என்று உடனே பேச்சு எழும். பட்டணத்தில் தண்டத்தை உயர்த்துகிறார்கள், மாட்டைப் பிடித்துப்போகிறார்கள். 1871இன் பவுண்டுக்கே நாம் திரும்பியிருக்கிறோம். மாட்டைக் கட்டிப்போட்டு வளர்ப்பதென்றால் வைக்கோலும் தவிடும் பிண்ணாக்கும் விலைக்கு வாங்கவேண்டும். இரண்டு மாடு வைத்துப் பால் சங்கத்துக்கு ஊற்றும் பெண்ணுக்கு அது கட்டுப்படியாகாது.

இதற்குத் தீர்வு இல்லாமலில்லை. இந்திய நெடுஞ்சாலைகளுக்கான வடிவமைப்பு விதிகளிலேயே மனிதரும் கால்நடையும் கடப்பதற்கான சுரங்கவழி உண்டு. எங்கே வைப்பது என்பதைச் சாலை மதிப்பீடு தயாராகும்போதே சொல்லவேண்டும். சொல்வதற்கு ஊர் தன் வழியை வரைந்து வைத்திருக்கவேண்டும்.

ஸ்பெயின் அப்படி வைத்திருக்கிறது. 1273இல் பத்தாம் அல்போன்சோ மன்னர் மேய்ப்பர் சங்கமான மெஸ்தாவுக்கு உரிமை வழங்கினார்; அங்கே முதல் தர மந்தைவழி ஏறத்தாழ 75 மீட்டர் அகலம். 1995ஆம் ஆண்டின் சட்டம், இந்த வழிகளை விற்கவோ அனுபோகத்தால் உரிமை கோரவோ முடியாத பொதுச்சொத்து என்று உறுதிசெய்தது. இலையுதிர் காலத்தில் மாட்ரிட் நகரின் நடுவே ஆட்டு மந்தைகளை ஓட்டிச் செல்வதும் அந்த உரிமையைப் புதுப்பிக்கத்தான். நமக்கு 75 மீட்டர் தேவையில்லை. ஒரு மாட்டுவண்டி போகும் அகலம், ஏரிக்கரை வரை அறுபடாமல் இருந்தால் போதும்.

2022இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்து இந்த வட்டாரம் முழுவதையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அந்தப் பகுதிக்கான மூன்றாம் பெருந்திட்டம் தயாராகிவருகிறது. திட்ட வரைபடத்தில் குடியிருப்புக்கு ஒரு நிறம், தொழிலுக்கு ஒரு நிறம், விவசாயத்துக்கு ஒரு நிறம். இவற்றுக்குக் குறுக்கே செல்லும் மந்தைவழிக்கும் ஒரு கோடு வேண்டும். அதை வரையத் தேவையானவை கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊர் மக்களிடமும் இருக்கின்றன: அ-பதிவேடு, புலப்படம், எந்த மாதம் எங்கே மேய்ச்சல் என்று அறிந்த பெரியவர்கள். மூன்றையும் கிராம சபையில் ஒன்றாக வைத்து, புல எண் வாரியாக வழியை எழுதித் தீர்மானமாக்கலாம். பட்டா நிலத்து மாமூல் வழியையும் அதில் விடாமல் எழுதவேண்டும். பிறகு அந்தத் தீர்மானம் ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் ஏறவேண்டும். நகல்கள் சிப்காட்டுக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் போகவேண்டும். அடுத்த சாலை விரிவாக்கத்துக்குச் செங்கல்லும் கம்பியும் வந்து இறங்குவதற்கு முன்னால் இது நடந்தாகவேண்டும். கட்டி முடித்த சாலைக்கு அடியில் மாட்டுக்காகப் பின்னால் வந்து சுரங்கம் தோண்ட ஒப்பந்தக்காரர் எவரும் வரப்போவதில்லை.