அமெரிக்கத் தேசியப் பூங்கா முகாம்களில் நாய்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசியப் பூங்காக்களுக்குக் கூடாரத்தோடு செல்லும் குடும்பங்கள் பல தங்கள் வளர்ப்பு நாயையும் உடன் அழைத்துச் செல்கின்றன. பெரும்பாலான பூங்காக்களில் இதற்கு அனுமதி உண்டு. ஆனால் அந்த நாய் 6 அடிக்கு மிகாத கயிற்றில் கட்டப்பட்டிருக்க வேண்டும்; முகாமிடம், வாகன நிறுத்துமிடம், சாலையோரம் ஆகியவற்றைத் தாண்டக் கூடாது. காட்டுக்குள் செல்லும் நடைபாதையில் அதற்கு இடமில்லை. பூங்கா எல்லைக்கு வெளியே, வனத்துறையின் பொறுப்பில் உள்ள தேசியக் காட்டில், அதே நாய் தன் உரிமையாளருடன் மலைப்பாதையில் நாள் முழுதும் நடக்கலாம். ஒரே மலைத்தொடரில் அடுத்தடுத்து இரு வேறு விதிகள் இருப்பது முதன்முறை செல்வோரைக் குழப்புவது வழக்கம். காடு என்பது மனிதர் வாழும் இடமா, வந்து பார்த்துவிட்டுப் போகும் இடமா என்ற பழைய கேள்விக்கு அந்நாடு வெவ்வேறு காலங்களில் அளித்த விடைகளே இந்த விதிகளாகப் படிந்திருக்கின்றன.

பூங்காவுக்கு முன்

இன்று யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் லமார் பள்ளத்தாக்கில், 1835-ஆம் ஆண்டு ஆஸ்போர்ன் ரஸ்ஸல் என்னும் தோல் வேட்டைக்காரர் ஷோஷோனி இனத்தின் ஒரு சிறு குழுவைச் சந்தித்தார். அவர்களிடம் ஏறத்தாழ முப்பது நாய்கள் இருந்ததாகவும், தோல்களையும் உணவையும் உடைமைகளையும் அந்த நாய்களே சுமந்ததாகவும் அவர் தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். மலையாடு உண்போர் எனப் பொருள்படும் துக்குதிகா என்ற பெயரால் அறியப்பட்ட இம்மக்கள், பெருங்கொம்பு மலையாடுகளை நாய்களைக் கொண்டு மடக்கி வேட்டையாடினர். குதிரை ஏற முடியாத உயரங்களில் வாழ்ந்த அவர்களுக்கு நாயே வேட்டைத்துணை, நாயே பொதிவிலங்கு.

கிழக்கே புல்வெளிச் சமவெளிகளிலும் இதே நிலைதான். ஸ்பானியர் கொண்டுவந்த குதிரை வடக்கே பரவுவதற்கு முன்பு, இரண்டு கழிகளை நாயின் தோளில் பூட்டி, பின்முனைகள் தரையில் இழுபட, நடுவே சுமையைக் கட்டி இடம்பெயர்ந்தனர். ஒரு கூடாரம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதைக்கூட நாயால் இழுக்க முடிந்த எடைதான் தீர்மானித்தது.

வெள்ளையர் பயணக் குழுக்களில் நாயோடு முகாமிட்டதற்கு நன்கு அறியப்பட்ட சான்று லூயிஸ், கிளார்க் ஆகியோரின் பயணம் (1804–1806). மெரிவெதர் லூயிஸ் 20 டாலர் கொடுத்து வாங்கிய சீமன் என்ற நியூஃபவுண்ட்லாந்து நாய் அக்குழுவுடன் சென்றது. 1805 மே மாத இறுதியில், இன்றைய மொன்டானா மாநிலத்தில், ஆற்றை நீந்திக் கடந்த காட்டெருமை ஒன்று இரவில் முகாமுக்குள் பாய்ந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களின் தலைகளுக்கு மிக அருகில் ஓடியது. அது கூடாரத்தை நெருங்கியபோது சீமன் குரைத்து அதன் போக்கை மாற்றியது. அதே குழு, உணவுத் தட்டுப்பாட்டின்போது கொலம்பியா ஆற்றங்கரைப் பழங்குடிகளிடம் நாய்களை விலைக்கு வாங்கி உண்டது என்பதையும் நாட்குறிப்புகள் மறைக்கவில்லை. லூயிஸுக்கு அந்த இறைச்சி பழகிப்போயிற்று. கிளார்க் கடைசிவரை அதை விரும்பவில்லை.

படைக்காலக் கட்டுப்பாடு

1872 மார்ச் 1 அன்று யெல்லோஸ்டோன் உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் துக்குதிகா மக்கள் அங்கிருந்து அகற்றப்பட்டு, விண்ட் ரிவர், ஃபோர்ட் ஹால் போன்ற ஒதுக்கீட்டு நிலங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களோடு அவர்களுடைய நாய்களும் அந்த மலைகளை விட்டு நீங்கின. அங்கே மனிதர் என்றுமே வாழ்ந்ததில்லை என்ற கற்பனை பிறகு எளிதில் வேரூன்றியது.

1886 முதல் 1918 வரை பூங்காவைக் குதிரைப்படை நிர்வகித்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படை வெளியிட்ட அறிவுரைகளில் பயணிகளின் நாய்களுக்கெனத் தனிப் பிரிவு இருந்தது. பயணத்தின்போது நாயை வண்டியில் ஏற்றியோ வண்டியின் பின்னே கட்டியோ கொண்டுசெல்ல வேண்டும். தங்கும்போது முகாம் எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும். இதை மீறித் திரியும் நாய் கொல்லப்படும். இன்றைய விதியின் சாரம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது, தண்டனை மட்டுமே மாறியது. ஆனால் அதே ஆண்டுகளில் பூங்கா நிர்வாகமே வேட்டை நாய்களைக் கொண்டு பூமாக்களைக் கொன்றது. மானைத் தின்னும் விலங்கு தீய விலங்கு என்று கருதப்பட்ட காலம் அது. நாய் காட்டுயிரைத் துரத்தலாமா என்பது அன்று நாயைப் பொறுத்ததன்று, துரத்தப்படும் விலங்கைப் பொறுத்தது.

ஸ்டிக்கீன்

தேசியப் பூங்கா இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஜான் மியூர், 1880-இல் அலாஸ்காவின் பனியாறுகளை ஆராய்ந்தபோது, உடன்வந்த சமயப் பணியாளர் ஹால் யங்கின் சிறு கறுப்பு நாய் ஸ்டிக்கீன் அழைக்காமலேயே அவரைப் பின்தொடர்ந்தது. புயல் வீசிய ஒரு நாளில் இருவரும் இன்று பிரேடி பனியாறு எனப்படும் பரப்பில் சிக்கிக்கொண்டனர். மாலை நெருங்க, அகன்ற பனிப்பிளவு ஒன்றைக் கத்திமுனை போன்ற பனிப்பாலத்தின் மீது கடக்க வேண்டியதாயிற்று. மியூர் கோடரியால் படிவெட்டிக் கடந்துவிட்டார். நாயோ மறுகரையில் நின்று அழுதது. நெடுநேரத்துக்குப் பின் அந்தப் படிகளில் கால்பதித்து வந்துசேர்ந்தது. அக்கரையை அடைந்ததும் அது வெறிபிடித்தாற்போல் சுழன்றாடிய மகிழ்ச்சியை மியூர் வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தார். 1897-இல் இதழ்க் கட்டுரையாகவும் 1909-இல் நூலாகவும் வெளிவந்த இந்நிகழ்ச்சி, அவருடைய எழுத்துகளில் மிகுதியாக வாசிக்கப்பட்டவற்றுள் ஒன்று.

அப்பனியாறு இன்று கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் அமைந்துள்ளது. அங்கே வளர்ப்பு நாய்கள் பார்ட்லெட் கோவ் படகுத்துறைப் பகுதியிலும் சாலையை ஒட்டிய இடங்களிலும் படகுகளிலும் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. ஸ்டிக்கீன் இன்று வந்தால் பனியாற்றின் அருகே செல்ல வழியில்லை.

மோட்டார் வாகனமும் முகாமிடமும்

1903-இல் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன், சூவல் குரோக்கர் இருவரும் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை 63 நாள்களில் காரில் சென்று, அமெரிக்காவைக் குறுக்கே கடந்த முதல் மோட்டார் பயணிகளாயினர். வழியில் ஐடஹோவில் 15 டாலருக்கு வாங்கிய பட் என்ற நாய் எஞ்சிய தூரம் முழுவதும் முன்னிருக்கையில் அமர்ந்து வந்தது. புழுதி கண்ணை உறுத்தியதால் அதற்கும் ஓட்டுநர் கண்ணாடி மாட்டினர். நாய், கார், கூடாரம் மூன்றும் சேர்ந்த அமெரிக்க விடுமுறைப் படத்தின் தொடக்கம் இதுவெனலாம்.

யோசெமிட்டி 1913-இலும் யெல்லோஸ்டோன் 1915-இலும் கார்களை அனுமதித்தன. 1916-இல் தேசியப் பூங்காச் சேவை தொடங்கப்பட்டது. மக்கள் விரும்பிய மரத்தடியில் காரை நிறுத்திக் கூடாரம் அடித்தனர். சக்கரங்களும் கால்களும் மண்ணை இறுக்க, வேர்கள் மூச்சுத் திணறி மரங்கள் பட்டன. வனத்துறையின் தாவரநோய் அறிஞர் எமிலியோ மைனெக் இதை ஆராய்ந்து, 1932-இல் முகாமிடங்களுக்கான கொள்கை ஒன்றை வகுத்தார். ஒருவழி வளைவுச் சாலை, அதிலிருந்து பிரியும் சிறு நிறுத்துமிடங்கள், ஒவ்வொன்றிலும் நிலையான மேசையும் அடுப்பும், கார் அப்பால் நகராதபடி பாறைகளாலும் மரத்தண்டுகளாலும் தடுப்பு. 1933 முதல் 1942 வரை குடிமக்கள் பாதுகாப்புப் படை என்ற வேலைவாய்ப்புத் திட்டத்தின் இளைஞர்கள் இந்த வடிவில் நாடெங்கும் முகாமிடங்களைக் கட்டினர். இன்றும் கிராமப்புறப் பூங்கா எதற்குச் சென்றாலும் காண்பது மைனெக்கின் வளைவுதான். அவர் கட்டிவைத்தது காரை. நாயைக் கட்டுவதற்கும் அதே எல்லை பின்னர் வசதியாக அமைந்தது.

1960 செப்டம்பரில் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், சார்லி என்ற பூடில் நாயுடன், வீடுபோல் அமைக்கப்பட்ட சுமைவண்டியில் நாட்டைச் சுற்றப் புறப்பட்டார். யெல்லோஸ்டோன் வாயிலில் கரடிகளைக் காரணம் காட்டிக் காவலர் எச்சரித்தபோது, தம் நாய் சாது என்று ஸ்டைன்பெக் உறுதிகூறினார். சாலையோரம் தீனி கேட்டு நின்ற முதல் கரடியைக் கண்டதும் அந்தச் சாது, வண்டிக்குள்ளேயே வெறிகொண்டு குதறப் பாய்ந்தது. அவர் பூங்காவைப் பாராமலேயே திரும்பினார். 1962-இல் வெளிவந்த அவருடைய பயணநூல் நாயோடு முகாமிடும் ஆசையைப் பலரிடம் விதைத்தது. அவர் பல இரவுகளைக் கழித்தது முகாமில் அன்று, விடுதிகளில் என்று பின்னாளில் ஆய்ந்தவர்கள் காட்டியபோதும் அந்த ஆசை குறையவில்லை. அதே 1962-இல் மொன்டானாவின் பில்லிங்ஸ் நகரில் தொடங்கிய கே.ஓ.ஏ. என்ற தனியார் முகாமிட நிறுவனம் நாடெங்கும் கிளைவிட்டது. அரசுப் பூங்கா தர மறுத்ததை, அதாவது கயிறின்றி நாய் ஓடக்கூடிய வேலியிட்ட திடலை, இன்று அதன் கிளைகள் பலவற்றில் காணலாம்.

ஆறடிக் கயிறு

பூங்காச் சேவையின் பொதுவிதிகள் 1983-இல் திருத்தி வெளியிடப்பட்டன. கயிற்றின் நீளம் 6 அடிக்குள் இருத்தல், கட்டிப்போட்டுவிட்டு ஆளில்லாமல் செல்லாதிருத்தல், ஓயாத குரைப்பைத் தடுத்தல், கழிவை அகற்றுதல் ஆகியவற்றோடு, எந்தப் பகுதியையும் நாய்களுக்கு மூடும் அதிகாரம் அந்தந்தப் பூங்காக் கண்காணிப்பாளருக்கு உண்டு. யெல்லோஸ்டோனில் சாலை, முகாமிடம், நிறுத்துமிடம் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்கு அப்பால் நாய் செல்லக் கூடாது.

இந்தக் கண்டிப்பு அலுவலகப் பிடிவாதம் அன்று. 1981 ஜூலையில் யெல்லோஸ்டோனில் நிறுத்தியிருந்த வண்டியிலிருந்து தப்பிய நாய் ஒன்று செலஸ்டின் என்ற வெந்நீர்ச் சுனையில் பாய்ந்தது. நீரின் வெப்பம் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸ். நண்பரின் அந்த நாயைக் காக்க 24 வயது இளைஞர் ஒருவர், சுற்றியிருந்தோர் தடுத்தும் கேளாமல், தலைகீழாகக் குதித்தார். நாய் சுனையிலேயே இறந்தது. அவர் மறுநாள் இறந்தார்.

மற்றொரு நிகழ்ச்சி சுப்பீரியர் ஏரியிலுள்ள ஐல் ராயல் தீவுப் பூங்காவில் நடந்தது. அங்கே ஓநாய்களும் மூஸ் மான்களும் 1958 முதல் இடைவிடாது ஆராயப்பட்டு வருகின்றன. 1980-இல் 50 ஆக இருந்த ஓநாய்கள் 1982-இல் 14 ஆகச் சரிந்தன. 1970-களின் இறுதியில் உலகெங்கும் நாய்களிடையே பரவிய பார்வோ நச்சுயிரி தீவை எட்டியிருந்தது. தடையை மீறி யாரோ கொண்டுவந்த நாயின் வழியாகவே அது நுழைந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஓநாய்க் கூட்டம் பழைய அளவை மீண்டும் எட்டவேயில்லை. உட்கலப்பும் சேர்ந்துகொள்ள, 2016-இல் இரண்டே ஓநாய்கள் எஞ்சின. 2018 முதல் வெளியிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட நேர்ந்தது. இன்றும் அங்கே வளர்ப்பு நாயைப் படகில் வைத்திருந்தால்கூடக் குற்றம்.

விலக்குகள்

எல்லாப் பூங்காக்களும் இப்படி அல்ல. மேய்ன் மாநிலத்தின் அகேடியா, நூறு மைல் நடைபாதைகளையும் ராக்ஃபெல்லர் அமைத்த 45 மைல் வண்டிச்சாலைகளையும் கயிற்றில் கட்டிய நாய்களுக்குத் திறந்துவைத்துள்ளது. வர்ஜீனியாவின் ஷெனன்டோவாவில் 500 மைலுக்கும் மேற்பட்ட பாதைகளில் 20 மைலுக்கும் குறைவானவற்றிலேயே தடை. இரண்டும் பண்ணைகளும் வீடுகளும் இருந்த மண். ஷெனன்டோவாவுக்காக நூற்றுக்கணக்கான மலைக்குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. வாழ்ந்த நிலத்தில் நாய்க்கும் இடமுண்டு என்று இதிலிருந்து ஒரு விதி காண முயன்றால், கிரேட் ஸ்மோக்கி மலைகள் குறுக்கே நிற்கும். அதுவும் குடியிருந்த நிலமே. ஆனால் 1930-களில் பூங்கா அமைந்ததிலிருந்தே உட்காட்டில் நாய்கள் கூடா. இன்று இரண்டு குறும்பாதைகளில் மட்டும் அனுமதி. கரடி வேட்டைக்கென்றே பிளாட் இன நாய்களை வளர்த்த மலை அது. அங்கே நாய் என்றால் துணையும் ஆகும், ஆயுதமும் ஆகும்.

அலாஸ்காவின் டெனாலியில் 1922 முதல் பூங்காவே சறுக்குவண்டி நாய்களை வளர்த்து, குளிர்காலக் காவலுக்கு அனுப்புகிறது. எஞ்சின் ஓசை கூடாத காட்டில் நாயே வாகனம். சுற்றுலா வருவோரின் நாய் மட்டும் பெரும்பாலான பாதைகளில் செல்லக் கூடாது.

2016-இல் மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் இன்னொரு விலக்கு தோன்றியது. லோகன் கணவாயின் வாகன நிறுத்துமிடத்தில் பெருங்கொம்பு மலையாடுகளும் மலைவெள்ளாடுகளும் மனிதரிடம் அச்சமின்றிப் பழகிவிட்டிருந்தன. மனிதர் கூடும் இடத்தைக் கரடியும் பூமாவும் தவிர்ப்பதால் அவற்றுக்கு அதுவே பாதுகாப்பான இடமாயிற்று. அவற்றை விலக்கி ஓட்டுவதற்குக் கிரேசி என்ற பார்டர் கோலி நாய் பயிற்சி பெற்றுப் பணியமர்த்தப்பட்டது. ஆடுகளைத் தொடாமல், பார்வையாலும் நடையாலுமே அவற்றைச் சரிவுக்குத் திருப்புவது அதன் வேலை. வேலை முடிந்தபின் அது கயிற்றோடு பயணிகளிடையே சுற்றிவந்து, தங்கள் நாய்களை ஏன் பாதையில் அழைத்துச் செல்லக் கூடாது என்று காவலர் விளக்குவதற்குத் துணைநின்றது.