நீலமலை: கருப்பொருள் மாறிய குறிஞ்சி

நிலத்தைத் தமிழர் நோக்கிய நோக்கு தனித்தன்மை உடையது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்திற்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலியன கருப்பொருள். அவற்றினூடே நிகழும் மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். இன்று ‘சுற்றுச்சூழல்’ என்று வழங்கப்படுவதன் பெரும்பகுதியும் கருப்பொருள் என்னும் ஒரு சொல்லுள் அடங்கிவிடும். நிலத்தை வெறும் இடமாகக் காணாமல், தன் உயிர்களோடும் மக்களோடும் கூடிய முழுமையாகக் காண்பதே அப்பகுப்பின் உயிர்நாடி.

‘வளங்குன்றாச் சுற்றுலா’ என்பது அண்மைக் காலக் கொள்கை. 1987இல் வெளிவந்த புருண்ட்லாந்து ஆணைய அறிக்கையும் 1992இல் ரியோ நகரில் கூடிய புவி மாநாடும் வளர்ச்சியையும் வளக்காப்பையும் ஒருங்கே எண்ணுமாறு உலகை அழைத்தன. அவ்வெண்ணம் சுற்றுலாத் துறைக்கும் விரிந்தது. 2017ஆம் ஆண்டை வளர்ச்சிக்கான வளங்குன்றாச் சுற்றுலா ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. வந்து காண்போர் தாம் காண வந்த பொருளையே அழித்துவிடலாகாது என்பது இக்கொள்கையின் சாரம். இதன் தேவையை உணர்வதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நீலமலையின் இருநூறு ஆண்டு வரலாறே போதிய சான்றாகும்.

வெள்ளையர் வருகைக்கு முன்

‘நீலமலை’ என்னும் பெயர் ஆங்கிலேயர் இட்டதன்று. போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டதாகக் கி.பி. 1117ஆம் ஆண்டைச் சார்ந்த கல்வெட்டு கூறுகின்றது. எருமை மேய்க்கும் தோடர், கைவினையிலும் இசையிலும் வல்ல கோத்தர், உழவுத் தொழிலினராகிய படகர், காட்டு வாழ்வினராகிய குறும்பர், இருளர் ஆகியோர் ஒருவர்க்கொருவர் வேண்டுவன கொடுத்தும் கொண்டும் அம்மலையில் வாழ்ந்து வந்தனர்.

மலையின் இயல்பான தோற்றம் புல்வெளியும் சோலையும் கலந்தது. காற்று அலைக்கும் மேட்டுச் சரிவுகளில் புல். நீர் ஒதுங்கும் பள்ளங்களில் குட்டையான மரங்கள் செறிந்த பசுமை மாறாச் சோலை. செந்நிறப் பூச்சொரியும் காட்டுப் பூவரசும், சரிவுகளை நீலமாக்கும் குறிஞ்சிச் செடியும், பாறைமுகடுகளில் ஏறித் திரியும் வரையாடும் அந்நிலத்தின் கருப்பொருள்கள். சங்கப் பாடல்கள் கூறும் வருடை இவ்வரையாடே என்று அறிஞர் கொள்வர். மழைநீரைப் புல்வேரும் சோலை மண்ணும் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, மழை ஓய்ந்த திங்கள்களிலும் சிறிது சிறிதாகக் கசியவிடும். அக்கசிவே ஓடையாகி, பைக்காராவும் மாயாறும் பவானியுமாகிக் காவிரியை அடைகின்றது. எனவே, இப்புல்வெளியின் கதை மலைமக்களின் கதை மட்டுமன்று; சமவெளியின் நெல்வயலுக்கும் உரிய கதையாகும்.

வந்தவர் வகுத்த மலை

திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் 1799இல் இப்பகுதி கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிக்கு உட்பட்டது. 1812இல் கீசு என்னும் நில அளவையர் மலைமேல் சென்று அறிக்கை அளித்தார். 1818இல் விசு, கிண்டர்சிலி என்னும் இரு இளம் அலுவலர் ஏறிக் கண்டு வந்து, சமவெளியின் வெப்பம் அறியாத ஒரு மேட்டுநிலம் உண்டென்று கூறினர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கோவை ஆட்சியர் சான் சல்லிவன் தாமே மலையேறினார். உதகையில் அவர் கட்டிய கல் பங்களாவே அங்கு எழுந்த முதல் ஐரோப்பிய இல்லம். ஓடைகளை மறித்து 1823 முதல் 1825 வரை ஏரி அமைத்தவரும் அவரே. உருளைக்கிழங்கும் ஐரோப்பியக் காய்கறிகளும் அவர் முயற்சியால் மலையில் வேரூன்றின. அதே சல்லிவன், இந்நிலத்தின்மேல் தோடர்க்கு உரிமை உண்டென்று அரசுக்கு எதிராக வாதிட்டார் என்பதும் மறக்கத்தக்கதன்று.

1827க்குப் பின் ஆளுநர் லசிங்டன் உதகையை நோயுற்ற படைவீரர்க்கும் அலுவலர்க்கும் உரிய நலவாழ்விடமாக வளர்த்தார். 1870ஐ ஒட்டி அது சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராயிற்று. ஆண்டில் சில திங்கள் அரசே மலைமேல் ஏறிக்கொண்டது. வந்தவர்கள் அம்மலையை அதன் இயல்பில் காண விரும்பவில்லை. தம் தாய்நாட்டின் சாயலையே அதில் தேடினர். கிடைக்காத இடத்தில் அதனை உண்டாக்கிக்கொண்டனர்.

1843இல் ஆத்திரேலியாவின் யூக்கலிப்டசு மரம் நீலமலையில் நடப்பட்டது. விறகுத் தேவை பெருகப் பெருக அது காடாகப் பரவியது. அதனுடன் வந்த சீகை மரம் புல்வெளிக்குள் தானே விதைத்துக்கொண்டு நுழைந்தது. 1848இல் வந்த மக்கைவர் அரசினர் தாவரவியல் பூங்காவை உருவாக்கினார். 1860களில் தொட்டபெட்டா, நடுவட்டம் சரிவுகளில் கொய்னா மருந்துக்கான சின்கோனா பயிரிடப்பட்டது. தேயிலைத் தோட்டங்களும் விரிந்தன. ஆங்கில அரசின் பதிவுகள் புல்வெளியை மரமற்ற பாழ்நிலமாகவே நோக்கின. அந்நோக்கு ஆட்சி மாறிய பின்னும் மாறவில்லை. விடுதலைக்குப் பிறகு சிறுமுகை செயற்கை இழை ஆலையின் மரக்கூழ்த் தேவைக்காகவும் யூக்கலிப்டசும் சீகையும் வளர்க்கப்பட்டன.

இந்த மாற்றத்தின் முழுமையை ஒரு சொல் உணர்த்தும். கன்னடம், இந்தி முதலிய மொழிகளில் யூக்கலிப்டசு மரத்தின் பெயரே ‘நீலகிரி’ என்பதாகும். அம்மரத்து எண்ணெயைத் தமிழர் ‘நீலகிரித் தைலம்’ என்கின்றனர். வெளியிலிருந்து வந்த மரம் மலையின் மண்ணைக் கொண்டதோடு அமையாமல், அதன் பெயரையும் கொண்டுவிட்டது.

வரைமுறையின் முதற்படி

இன்பத்திற்காக வந்தோர் தம் இன்பத்திற்குத் தாமே எல்லை வகுக்க நேர்ந்த நிகழ்ச்சி ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. ஐரோப்பியர்க்கு நீலமலை பெரியதொரு வேட்டைக்களமாக விளங்கியது. துப்பாக்கிகள் பெருகவே வரையாடுகள் அருகின. அதனைக் கண்டு அஞ்சிய வேட்டையாளர் 1877இல் ஒரு சங்கம் நிறுவினர். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் காப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வேட்டைக்குப் பருவமும் இசைவுச் சீட்டும் விதிக்கப்பட்டன.

சுடுவதற்கு விலங்கு தீர்ந்துவிடலாகாது என்பதே இதன் நோக்கம், அருள் அன்று. எனினும், நுகர்வோர் தொகைக்கும் நுகர்வின் அளவுக்கும் வரம்பு இல்லையேல் நுகர்பொருளே இல்லாதொழியும் என்னும் உண்மை அன்றே ஒப்புக்கொள்ளப்பட்டது. பின்னாளில் எழுந்த காப்பு முயற்சிகளுக்கு இதனை ஒரு முன்னோடி எனலாம். 1986இல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அமைந்தது. வரையாடுகளின் புகலிடமாகிய முக்குறுத்தி 1990இல் தேசியப் பூங்காவாயிற்று. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 வரையாடுகள் உள்ளன எனக் கண்டறியப்பட்டது. மாநில விலங்கு என்னும் பெருமை பெற்ற ஓர் உயிரினம் ஒரு சிற்றூரின் மக்கள்தொகை அளவிலேயே எஞ்சியிருக்கின்றது.

தொடர்வண்டியும் திரளும்

தொடக்க காலத்தில் குதிரையிலும் மஞ்சலிலும் மலையேறினர். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் பற்சக்கர இருப்புப்பாதை இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 46 கிலோமீட்டரில் 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் உயரத்திற்கு ஏறும் அப்பாதை பொறியியல் அருஞ்செயலாகும். 2005இல் யுனெசுகோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. சிறிய வண்டி, குறைந்த விரைவு, அளவான பயணியர் என அது தன்னுள்ளேயே ஒரு வரம்பைக் கொண்டிருந்தது. மலைப்பாதையில் உந்துவண்டிகள் பெருகியபோது அவ்வரம்பு உடைந்தது. துரைமார்க்கும் சிற்றரசர்க்கும் மட்டும் வாய்த்த கோடைக் குளிர்ச்சி நடுத்தர மக்களுக்கும் எட்டியது. இது மகிழத்தக்க மாற்றமே. மலையைக் காணும் உரிமை செல்வர்க்கு மட்டும் உரியதாதல் முறையன்று. ஆனால், வருவோர் தொகை பெருகிய அளவிற்கு மலை பெருகவில்லை.

நகரின் கழிவைச் சுமந்துவரும் கோடப்பமந்துக் கால்வாய் உதகை ஏரியில் கலக்கின்றது. சல்லிவன் அமைத்த ஏரியின் பரப்பும் முன்னளவில் இல்லை. சீகூர்ப் பகுதியில் யானைகளின் வழித்தடத்திலேயே உல்லாச விடுதிகள் எழுந்தன. அவ்வழித்தடத்தைக் காக்கத் தமிழக அரசு 2010இல் வெளியிட்ட அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இலும் உச்ச நீதிமன்றம் 2020இலும் உறுதி செய்தன. காட்டை அருகிருந்து காண வந்தோர்க்காக எழுந்த கட்டடங்களே காட்டின் தலைமகனாகிய களிற்றுக்கு வழியடைத்து நின்றமை இச்சிக்கலின் முரணை நன்கு விளக்கும்.

மழையும் மண்ணும்

2009 நவம்பரில் கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மலைச்சரிவுகள் பெயர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகத்து 8ஆம் நாள் அவலாஞ்சியில் 91 சென்டிமீட்டர் பதிவாயிற்று. பெருமழை இயற்கையின் செயல். ஆயின், மழையைத் தாங்கும் புல்லும் சோலையும் அகன்ற சரிவில், பாதைக்காகவும் கட்டடத்திற்காகவும் அடிவெட்டப்பட்ட மண்ணின்மேல் அம்மழை பெய்யும்போது விளையும் கேட்டில் மனிதனுக்கும் பங்குண்டு. கருப்பொருள் சிதைந்தால் முதற்பொருளாகிய நிலமும் நிலைகுலையும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

எண்ணிக்கையும் எல்லையும்

2019இல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழகம் முழுவதும் தடை வந்தது. அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே நீலகிரி மாவட்டம் நெகிழி ஒழிப்பில் முனைந்திருந்தது. 2022இல் தமிழக அரசு அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையை வகுத்தது. பருவக் காலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் நுழைவது நீதிமன்றத்தின் பார்வைக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் மின்னணு நுழைவுச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டின் கோடைப் பருவத்திற்கு நீலகிரியில் வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என எல்லையும் குறிக்கப்பட்டது.

இவ்வெல்லை வணிகரிடையே எதிர்ப்பையும் தோற்றுவித்தது. விடுதிப் பணியாளர், வண்டியோட்டுநர், சிறுகடையினர் ஆகியோரின் அன்றாட உணவு பயணியர் வருகையைச் சார்ந்தே உள்ளது. அவர்தம் கவலையைப் புறந்தள்ளுதல் அறமாகாது. வளங்குன்றாமை என்பதில் மக்கள் வாழ்வு குன்றாமையும் அடங்கும். எனினும், ஏரி நாறி, ஓடை வறண்டு, சரிவு சரிந்த மலைக்கு எவரும் வரப்போவதில்லை. வரம்பு அவர்தம் பிழைப்பின் பகையன்று. நாளைய பிழைப்பின் காப்பாகும்.

கவிஞர் கடன்

எண்ணிக்கைக்கு வரம்பு விதிப்பது அரசும் நீதிமன்றமும் செய்யத்தக்கது. காட்சியைத் திருத்துவது அவற்றால் இயலாது. அது புலவர் பணி. திரைப்படமும் நாள்காட்டிப் படங்களும் பயண நூல்களும் நீலமலையின் இயற்கை என்று காட்டுவன எவை? ஊசியிலை மரத்தோப்பு, யூக்கலிப்டசுச் சாலை, தேயிலைச் சரிவு, வெட்டிய ஏரி. இவற்றுள் ஒன்றேனும் அம்மலையின் பழைய கருப்பொருளன்று. பாட்டிலும் இவையே இயற்கை எழிலாகப் புகழப்படுகின்றன. புல்வெளி வெறும் வெளியாகக் கடந்து செல்லப்படுகின்றது. ஒரு பாட்டில் 99 மலர்களைப் பெயர் சுட்டி அடுக்கிய கபிலர் மரபில் வந்தோர்க்கு இது பெருமையாகாது.

மலைமக்களின் கவிதையோ மலையை வேறு வகையில் அறிந்திருந்தது. 1930களில் தோடரிடையே தங்கி ஆய்ந்த மொழியியலறிஞர் எமனோ, அவர்தம் பாடல்களைத் திரட்டி 1971இல் நூலாக வெளியிட்டார். தோடர் பாடலின் ஒவ்வொரு தொடர்க்கும் ஓர் இணைத்தொடர் உண்டு. எருமைகளும் மந்துகளும் குன்றுகளும் அப்பாடல்களில் தத்தம் பெயராலேயே வாழ்கின்றன. அவ்வினத்தார் தம் கோயிற் கூரையை வேய்வதற்குச் சதுப்பு நிலத்தில் வளரும் ஒருவகைப் புல்லையே கொள்வர். சதுப்புகள் அழிந்தமையால் அப்புல் அரிதாயிற்று. ஒரு புல் அருகினால் ஒரு கோயில் கூரை இழக்கும். கூரை இழந்த கோயிலோடு அதற்குரிய சடங்கும் பாட்டும் மங்கும். படகர் வாழ்வில் புகுந்த மாற்றங்களைக் ‘குறிஞ்சித் தேன்’ என்னும் புதினத்தில் இராசம் கிருட்டிணன் மலைமக்களின் நோக்கில் நின்று காட்டினார். அவ்வழியில் தமிழ்ப் படைப்பாளர் பலர் செல்ல வேண்டியுள்ளது.

காண வருவோர், காணத்தக்கது எது என்று அறியாதவரை, காப்புச் சட்டம் அவர்க்குத் தடையாகவே தோன்றும். அறிந்தபின் அதுவே கடமையாகத் தோன்றும். புல்வெளியைப் பாழ்நிலம் என்று எழுதிய பதிவேடு ஒரு மலையை மாற்றியது. எழுத்தால் விளைந்த அக்கேட்டினை எழுத்தே திருத்தவும் வல்லது. ஒரு புல்லின் பெயரை, ஒரு சோலை மரத்தின் பெயரை, ஓடை பிறக்கும் ஒரு பள்ளத்தின் பெயரைத் தம் பாட்டில் இடம்பெறச் செய்யும் கவிஞர் நீலமலைக்கு அதன் கருப்பொருளை மீட்டுத் தருபவராவர்.